தண்ணீர் பழகும் வரை

ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் கோடுவரைக்கும் தொட்டித் தண்ணீர், முதல் புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, இரண்டாவது புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, மூடியைப் போட்டுக் குலுக்கி ஜன்னல் விளிம்பில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம். மஞ்சளாகவே நின்றால் தண்ணீரில் அமோனியா இல்லை. பச்சை ஏற ஏற விஷம். காலையிலிருந்து நாலாவது முறையாகப் பார்க்கிறேன், நாலு முறையும் குழாய் மஞ்சளாகத்தான் ஆரம்பிக்கிறது, முதல் நிமிடம் நம்பும்படிதான் இருக்கிறது, அப்புறம் அடியிலிருந்து மெல்ல, யாரும் பார்க்காத நேரம் பார்த்து ஏறுகிற மாதிரி, பச்சை. மணி இரண்டாகப் போகிறது. சமையலறையில் அம்மா எதையோ வறுக்கிறாள், மிளகாய் நெடி கூடம்வரை வருகிறது. உள் அறையில் ஹேமா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், எட்டாம் மாதம், இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபடி இடது பக்கமாக. தொட்டியில் இரண்டு மீன் மிச்சம். ஒன்று மேலே வந்து வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக் காற்றைக் குடிக்கிறது. இன்னொன்று வடிகட்டிக்குக் கீழே மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது, தூங்குகிறதா என்று தெரியவில்லை. மீனுக்கு இமை கிடையாது, தூங்குகிறதா இல்லையா என்று பார்க்கிறவன்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இன்னும் மஞ்சள்தான். அக்கா சொன்னதை நான் நினைக்கவில்லை. குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏழு மணிக்கு இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, தணிகா, நேத்து ராத்திரியில இருந்து அசைவே இல்லைடா என்று சொன்னாள். நான் செத்த மீனைக் கரண்டியில் எடுத்துக்கொண்டிருந்தேன். உம் என்றேன்.

அம்மாகிட்ட சொல்லாத என்றாள். மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் அந்த நர்ஸ் வாயைப் பொத்திட்டுச் சிரிக்கிறது, வேணாம்டா, இட்லி சாப்பிட்டா அசையும், இனிப்பா எதனாச்சும் சாப்பிட்டா அசையும், பார்ப்போம், என்ன? உம். நாலு இட்லி போடுகிற அம்மாவிடம் இரண்டு போதும் என்று சொல்லி, இரண்டையும் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். அவள் சொல்வதும் சரிதானே. போன மாதத்தில் இரண்டு முறை இதே மாதிரி அசைவு இல்லை என்று பதறி, வில்லிவாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து, அம்மா வழியெல்லாம் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு போய் இறங்கினால், நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்த நொடியே குதிரை ஓடுகிற சத்தம். நல்லாத்தான்மா ஓடுது, உங்களைவிட நல்லா ஓடுது என்றார் அந்த நர்ஸ். முதல் முறை எல்லாரும் சிரித்தோம். இரண்டாவது முறை அவர் மட்டும் சிரித்தார். அதை அம்மா அத்தையிடம் சொல்ல, ருக்கு அத்தை போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில், அக்கா கையில் வளையலை ஏற்றிக்கொண்டே, கூடம் நிறைந்த பெண்களுக்குக் கேட்கிற மாதிரி, இவளுக்கு வளையலோட ஒரு ஆட்டோவும் வாங்கிக் குடுத்துடுங்கடி, வாசல்லயே நிக்கட்டும், புள்ள தும்மினாக்கூட ஏறிக்கலாம் என்றாள். கூடம் அதிர்ந்தது. அக்காவும் சிரித்தாள். கன்னத்தில் சந்தனத்தோடு, தலை கொள்ளாத பூவோடு. அவள் சிரித்து முடித்த பிறகு முகம் சட்டென்று காலியானதை நான் தொட்டிப் பக்கத்தில் நின்றபடி பார்த்தேன். அதனால் இந்த முறை அவள் சொல்லமாட்டாள். அவளே சொல்லமாட்டாள் என்றால் நான் ஏன். அவள் உடம்பு அவளுக்குத் தெரியும். மூன்றரை நிமிடம். அடியில் லேசாக, இல்லை, அது ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தின் நிழல், குழாயைத் திருப்பி வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்தால் தெரிந்துவிடும், திருப்பாமல் இருக்கிறேன்.

இந்தத் தொட்டி வந்து இன்றோடு பத்தொன்பது நாள். அக்கா வீட்டுக்காரர் லோகேஷ் மாமா வாங்கிக் கொடுத்தது. அவருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வரமுடியும், பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருக்கப் போகிறவள் நாளெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருப்பாளே என்று, பார்த்துட்டே இரு ஹேமா, மனசு லேசாகும் என்று சொல்லி இரண்டடித் தொட்டியும் நாலு தங்க மீனும் வாங்கி, மச்சான், தண்ணி உன் பொறுப்பு என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கொளத்தூரில் அந்த மீன் கடை. தாவூத் பாய் கல்லாவில் உட்கார்ந்தபடியே, தம்பி, மொதல்ல தண்ணிய வளரு, மீனு அதுபாட்டுக்கு வளரும் என்றார். புதுத் தொட்டித் தண்ணீர் பார்க்கத்தான் சுத்தம், அதில் ஒன்றும் குடியிருக்காது, மீன் கழிக்கிறது அப்படியே விஷமாக நிற்கும், அதைத் தின்கிற கிருமி கண்ணுக்குத் தெரியாமல் வந்து குடியேற ஒரு மாசம் பிடிக்கும், தண்ணி பழகணும், அதுவரைக்கும் தீனி ஒரு சிட்டிகை, கால்வாசிக்கு மேல தண்ணி மாத்தாத, லாரித் தண்ணியில குளோரின் இருக்கும், நேரா ஊத்தாத, ஒரு நாள் பக்கெட்டில் வச்சு மருந்து விட்டு ஊத்து, வேற எதுக்கும் கை வைக்காத, பொறுமையா இரு. பொறுமையாக இருப்பதுதான் வேலை என்றால் அதற்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது. போகிற நேர்காணலிலெல்லாம் கொஞ்சம் சத்தமா பேசுங்க தணிகைவேல் என்கிறார்கள். நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அது என் உதட்டுக்கும் மேசைக்கும் நடுவில் எங்கோ விழுந்துவிடுகிறது. மீனுக்குக் காது கேட்கவேண்டியதில்லை. பாய் கொடுத்த பழைய கறுப்புப் பஞ்சை வடிகட்டியில் வைத்தேன், அவர் தொட்டியில் ஆறு மாசம் ஊறியது, குடியேற வேண்டியவர்கள் அதில் இருந்தார்கள். பதினாலு நாள் தண்ணீர் லேசாகக் கலங்கி, அப்புறம் தெளியத் தொடங்கி, குழாயில் பச்சை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவந்தது. அக்கா காலையில் எழுந்ததும் பல்லுக்கூட விளக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாலும். வயிற்றைத் தொட்டியின் பக்கம் திருப்பி, பாரு, உன் மாமன் வளர்க்கிற தண்ணிய பாரு என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும் என்றால், அத்தை ஒரு தட்டோடு வந்தாள். புளி சாதம், எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர், ஐந்திலும் ஒவ்வொரு பிடி. வயித்துப் புள்ளக்காரி வீட்டுல வாய் இருக்கிறது எதையும் பட்டினி போடக்கூடாது, காக்காய்க்கு வச்சாச்சு, கீழ்வீட்டு நாய்க்கு வச்சாச்சு, இதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். நின்றேன், அது உண்மை. அத்தை, வேணாம் அத்தை. என்னப்பா? தண்ணி கெட்டுடும். என்ன சொல்றே, வாய்க்குள்ளயே முனகுறான் பாரு, ஏய் இவன் என்ன சொல்றான்? ஒண்ணுமில்ல அத்தை. விலகிக்கொண்டேன். ஐந்து விரல் தண்ணீரில் இறங்கியது, நல்லெண்ணெய் வட்டம் வட்டமாக மேலே விரிந்தது, தயிர்ப் பருக்கை வெள்ளைப் புகையாக அவிழ்ந்தது, மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன, பெண்கள் குலவை போடாத குறை. விருந்து முடிந்து பந்திப் பாய் சுருட்டுகிறவரைக்கும் நான் தட்டு எடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன், வெற்றிலை மடித்தேன், எல்லாம் செய்தேன், தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பருக்கையை எடுக்கவில்லை. எடுத்தால் அத்தை பார்ப்பாள், தப்பாக நினைப்பாள். மறுநாள் தண்ணீர் கஞ்சி. வீடு முழுக்கக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, அந்தப் பஞ்சையும் கழுவிடுடா, கருகருன்னு இருக்கு, நாத்தம் வருது என்றாள். கழுவக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே லாரித் தண்ணீர்க் குழாயில் பிடித்து, கறுப்பு வடிந்து பழுப்பாகி, பழுப்பு வடிந்து தெளிவாகும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன். அம்மா சொல்லும்போது இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருக்கிறது, எல்லாருக்கும் அந்த நொடி வருகிறது, எனக்கும் வருகிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், அது என்னைத் தாண்டிப் போகும். செவ்வாய்க்கிழமை ஒரு மீன். இன்று காலை ஒன்று. ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. குழாயை எடுத்துச் சுவருக்கு எதிரே பிடித்தேன். நிறம் ஒப்பிடுகிற அட்டையில் கடைசிக்கு முந்தின கட்டம். புல் பச்சைகூட இல்லை, கிணற்றுப் பாசி.

இன்னொரு முறை மாற்றலாம். மூன்று முறை மாற்றியாகிவிட்டது. நேற்று பிடித்து வைத்த பக்கெட் தண்ணீர் ஒன்றுதான் மிச்சம், ஆனாலும் மாற்றலாம். மக்கில் மொண்டு மொண்டு பழையதை எடுத்து வாளியில் ஊற்றினேன், சத்தம் வராமல், சுவரோரமாக வழியவிட்டு. ஏன் சத்தம் வராமல்? அக்கா தூங்குகிறாள். தூங்குகிறாளா? பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன், முதுகுதான் தெரிந்தது. பன்னிரண்டுக்கு அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டபோது பசிக்கலைம்மா, அப்புறமா சாப்பிடறேன் என்று குரல் மட்டும் வந்தது. அம்மா அவளுக்கு எடுத்து மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் வாசற்படியில் நின்று, அக்கா, அசைஞ்சுதா என்று கேட்டேன். என் குரல் கட்டில்வரைக்கும் போயிருக்காது. இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? தூங்குகிறாள் என்று முடிவு செய்துகொண்டு வந்துவிட்டேன். அது ஒன்றும் இருக்காது. இரண்டு முறையும் ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையும் ஒன்றும் இருக்காது என்பதற்கு அது கணக்காகுமா? மாத்திரை போடாமல் விட்டாளா, நேற்று மாலை பால்கனியில் குனிந்து துணி எடுத்தாளே, அப்போது வலித்த மாதிரி நின்றாளே, போன வார ஸ்கேனில் தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்கு, நிறைய குடிங்க என்று எழுதியிருந்தார்களே. குடித்தாள். பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். பாவம், அவளும் தண்ணீரைத்தான் சரிசெய்துகொண்டிருந்தாள். உள்ளே அது எந்தத் தண்ணீரில், எந்தக் கட்டத்தில், அதற்கு ஒரு குழாயும் எட்டுச் சொட்டும் கிடையாது, ஜன்னலில் நிறுத்திப் பார்க்க முடியாது. அதன் கைகாலை வைத்துத்தான் தெரியும். புதுத் தண்ணீரை விரலிடுக்கில் வழியவிட்டு ஊற்றினேன். மூலையில் நின்றது நகரவில்லை. பழைய தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இழை மாதிரி கலங்கி, அப்புறம் ஒன்றாகிவிட்டது.

தாத்தா எங்களுக்குக் கதை சொன்ன காலத்தில் உம் கொட்டுகிற வேலை என்னுடையது. அக்கா கேள்வி கேட்பாள். ராஜா ஏன் தனியாப் போனான், குதிரைக்கு என்ன பேரு, அந்தப் பொண்ணு ஏன் சும்மா இருந்தா. தாத்தாவுக்குக் கேள்வி பிடிக்காது, நீ வாய மூடு, அவன் உம் கொட்டட்டும் என்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு உம். இருட்டில் முகம் தெரியாது, மின்சாரம் போயிருக்கும், உம் வருகிறவரைக்கும் கதை போகும். உம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அவர் அந்த இடத்திலேயே, ராஜா கிணற்றில் விழுந்துகொண்டிருக்கிறபோதுகூட, நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் நான் தூங்காமல், கதை புரியாத இடத்திலும், பயமாக இருக்கிற இடத்திலும், பிடிக்காத இடத்திலும், உம், உம், உம். அப்படியே வளர்ந்துவிட்டேன். ஆறாம் மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அக்கா வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டு, இங்க கைய வைடா, நான் எது சொன்னாலும் ஒரு உதை உதைக்குது, உன்னை மாதிரியே உம் கொட்டுதுடா என்றாள். கையை வைத்தேன். அவள், உங்க அப்பா சனிக்கிழமை வருவாரு என்றாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன முட்டல். மாமன் மீன் வாங்கித் தருவான். இன்னொன்று. எனக்குக் கை கூசியது, சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து அவள் இருட்டில் படுத்துக்கொண்டு அதனிடம் என்னென்ன சொல்லிப் பார்த்திருப்பாள். ஒவ்வொன்றாகச் சொல்லி, நிறுத்தி, காத்திருந்து, வேறு ஒன்று சொல்லி. விடியும்வரைக்கும். விடிந்ததும் வந்து என்னிடம் சொன்னாள். இந்த வீட்டில் இன்னும் உம் கொட்டுகிற ஒரே ஆள் என்னிடம்.

கை ஈரத்தோடு பாய்க்குப் போன் போட்டேன். காலையிலிருந்து போடலாமா என்று நாலு முறை எடுத்து வைத்த போன். பஞ்சைக் கழுவினேன் என்று சொன்னால் திட்டுவார், அதனால் வைத்தேன். பாய், நான் வில்லிவாக்கம் தணிகைவேல், ரெண்டடித் தொட்டி. சத்தமா பேசு தம்பி, மோட்டார் ஓடுது. மீன் மேல வந்து மூச்சு வாங்குது பாய், பச்சை குறையவே இல்ல, பஞ்சைக் கழுவிட்டேன். கழுவிட்டியா? குழாய்த் தண்ணியிலயா? ஆமா பாய். அட போப்பா, அதுல இருந்தது அழுக்கா, அம்புட்டும் உயிரு. சரி, எப்பத்துல இருந்து மேல வந்து நிக்குது? காலைல ஏழு மணியில இருந்து. இப்ப ரெண்டே கால் ஆகுதே தம்பி, ஏழு மணியில இருந்து பார்த்துட்டேவா உக்காந்திருக்க? தண்ணி மாத்திட்டு இருந்தேன் பாய், சரியாயிடும்னு. ஏழு மணிக்கே எனக்கு ஒரு போன் அடிச்சா நான் என்ன உன்னைக் கடிச்சா வச்சிருப்பேன்? கடையிலதான உக்காந்திருக்கேன், ஒரு பழைய பஞ்சு குடுத்து அனுப்பியிருப்பேன்ல. இப்ப வா, தரேன், ஆனா சொல்லமுடியாது, பொழைச்சா பொழைக்கும். அவர் வைத்துவிட்டார். அவர் திட்டவே இல்லை. ஏழு மணி என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டது, அவ்வளவுதான். முதல் தடவையிலேயே கேட்டது. மேலே நின்ற மீன் பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. மணி என்ன ஆகிறது என்று எனக்கு ஏழிலிருந்து தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. குழாயைப் பிடித்து ஐந்து ஐந்து நிமிடமாக எண்ணியது எதற்காக என்று தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

சமையலறையில் அம்மா வறுத்ததை மிக்ஸியில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மா என்றேன். திரும்பவில்லை. கிட்டே போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். என்னடா? அக்காவுக்கு அசைவு இல்லையாம். அம்மா மூடியை அழுத்திய கையை எடுக்கவில்லை. எப்ப சொன்னா? இப்பத்தான் என்று சொல்லிவிடலாம். நொடி வந்து நின்றது, வழக்கம்போல நான் அதைப் பார்த்தேன். இப்பத்தான் என்று சொன்னால் அம்மாவுக்கு நான் நல்ல பிள்ளை, ஆனால் ஆஸ்பத்திரியில் எப்போதிலிருந்து என்று கேட்பார்களே, அங்கேயும் இப்பத்தான் என்றுதானே எழுதுவார்கள். காலைல ஏழு மணிக்கு, நேத்து ராத்திரியில இருந்தே இல்லையாம் என்றேன். அம்மா என்னைத் திட்டவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி என்னை இடித்துக்கொண்டு உள் அறைக்கு ஓடினாள், ஓட்டத்திலேயே, ஆட்டோவைக் கூப்பிடுடா, அப்பாவுக்குப் போனைப் போடு, மஞ்சப் பையில அவ ஃபைல் இருக்கு. நான் பின்னாலேயே போனேன். அக்கா எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, புடவை மாற்றி, செருப்புக்கூடப் போட்டிருந்தாள். எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. அம்மா அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னென்னவோ கேட்டாள். அக்கா அம்மாவின் தோளைத் தாண்டி என்னைப் பார்த்தாள். கண் சிவந்து உலர்ந்திருந்தது, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாத கண். சொல்லாதேன்னு நான் வேற யார்கிட்டடா சொல்லுவேன், நீ போய் அம்மாகிட்ட சொல்லிடுவேன்னுதானே உன்கிட்ட சொன்னேன் என்றாள், கோபமில்லாமல். காலையில இருந்து நீ மொண்டு ஊத்துற சத்தத்தைத்தான் கேட்டுட்டுப் படுத்திருக்கேன். இப்ப நிறுத்துவே, இப்ப எழுந்து போவேன்னு. அம்மா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். அக்கா என் தோளில் ஒரு கையை ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, இவ்வளவு நேரமாடா ஆகும் என்றாள்.